செவியினுள் அலையைக் கண்டவர்: ஜோர்ஜ் வொன் பெக்கேசி

மாணவர்களே, மனிதச் செவியின் படத்தை வரைந்து பகுதிகளைப் பெயரிடுமாறு வினா வந்தால், நத்தைச்சுருளையும் நீங்கள் குறித்துக் காட்டுவீர்கள். அதனுள் ஒலி என்னவாகிறது என்பதைத் தம் கண்ணாற் கண்டவர் ஒரு மருத்துவர் அல்லர். தொலைபேசி ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய பௌதிகவியலாளர் ஆவார்.

ஜோர்ஜ் வொன் பெக்கேசி 1899 இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தார். தந்தை இராஜதந்திரியாதலால் இளமைக் கல்வியைப் பல நாடுகளிற் பெற்றார். 1923 இல் பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றபோது, முதலாம் உலகப் போரினால் நாடு நலிந்திருந்தது. நல்ல உபகரணங்கள் இருந்த தபால் திணைக்களத் தொலைபேசி ஆய்வுகூடத்தில் அவர் சேர்ந்தார். தொலைபேசியைச் சீர்செய்ய வேண்டுமாயின், ஒலியைப் பெறும் செவி இயங்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும் என்பதை உணர்ந்தார்.

ஒலி செல்லும் பாதையை நினைவுகூருங்கள். ஒலியலைகள் செவிப்பறை மென்சவ்வை அதிரச் செய்கின்றன. சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு ஆகிய சிற்றென்புகள் அவ்வதிர்வை நீள்வட்டப் பலகணிக்குக் கடத்துகின்றன. செவிப்பறையிலும் பலகணியின் பரப்பு மிகச் சிறிதாகையால் அங்கு அமுக்கம் அதிகரிக்கிறது. பின்னர் நத்தைச்சுருளின் பாய்பொருள் அதிர்கிறது. உயர்ந்த சுருதியையும் தாழ்ந்த சுருதியையும் செவி வேறுபடுத்துவது எவ்வாறு? பியானோவின் தந்திகளைப் போல வெவ்வேறு நார்கள் தனித்தனியே அதிர்கின்றன என ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19 ஆம் நூற்றாண்டிற் கருதினார்.

இதனை நேரிற் பார்க்கவே பெக்கேசி முயன்றார். இறந்தவர்களின் செவிகளை, தாமே ஆக்கிய நுண்கருவிகளால் நீரினுள் வைத்துத் திறந்தார். உள்ளே வெள்ளித் துணிக்கைகளை இட்டு, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின்கீழ் நுணுக்குக்காட்டியினூடாக அவதானித்தார். அடிமென்சவ்வின் வழியே ஓர் அலை ஓடி, ஓரிடத்தில் உச்சமடைந்து தணிவதைக் கண்டார். உயர் மீடிறன் ஒலிக்கு அவ்வுச்சம் பலகணிக்கு அருகிலும், தாழ் மீடிறன் ஒலிக்குச் சுருளின் நுனிப் பக்கத்திலும் அமைந்தது. மென்சவ்வு அடிப்பக்கத்தில் ஒடுங்கி விறைப்பாகவும் நுனியில் அகன்று நெகிழ்வாகவும் இருப்பதே இதற்குக் காரணமாகும்.

1946 இல் சுவீடனுக்கும், 1947 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்கும் சென்ற பெக்கேசி, 1961 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1966 முதல் ஹவாயிற் பணியாற்றி, 1972 இல் அங்கேயே காலமானார்.

அவர் பார்த்தவை உயிரற்ற செவிகள் என்பதை மறவாதீர்கள். உயிருள்ள செவியில் அலையின் உச்சம் மிகக் கூர்மையானது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. புற மயிர்க்கலங்கள் தாமே அசைந்து மெல்லிய அதிர்வைப் பெருக்குவதே காரணம். எனினும் ஓடும் அலை பற்றிய அவரது அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கிறது.

மனிதரில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் தோன்றுவதில்லை. பேரொலியைத் தொடர்ந்து கேட்போருக்கு உயர் மீடிறன் ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே பொதுவாக முதலிற் குறைகிறது. காதொலிப்பானின் ஒலியைக் கூட்டுமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

நினைவிற் கொள்க: மனிதச் செவியின் கேள்தகு வீச்சு ஏறத்தாழ 20 முதல் 20 000 ஹேர்ட்ஸ் வரையாகும். அதிர்வைக் கணத்தாக்கமாக மாற்றும் வாங்கிகள் நத்தைச்சுருளிலுள்ள மயிர்க்கலங்களாகும்.