நோய்முதல் கண்ட நுண்ணறிஞர்

நோயைக் கண்டு இரங்குவோர் உலகில் பலர். அந்நோய் எதனால் வந்தது என ஐயமற மெய்ப்பித்துக் காட்டுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அன்டன் டி பாரி என்னும் ஜெர்மானியப் பேரறிஞர்.

இவர் 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். மைந்தரும் மருத்துவமே பயின்று, 1853இல் பெர்லின் நகரில் பட்டம் பெற்றார். ஆயினும் இவர் உள்ளம் செடிகொடிகளிலும் அவற்றைப் பற்றும் பூஞ்சைகளிலுமே படிந்து கிடந்தது. பட்டம் பெற்ற அவ்வாண்டிலேயே பயிர்களுக்கு நோய் விளைக்கும் பூஞ்சைகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். மருத்துவத் தொழிலைச் சிறிது காலமே புரிந்து, பின் அதனை விடுத்துப் பயிர்நூல் ஆசிரியரானார்.

அக்காலத்தில் ஐரோப்பிய மக்களை ஒரு பெருந்துயர் வாட்டியிருந்தது. 1845 முதல் உருளைக்கிழங்குச் செடிகள் கருகி அழுகின. அக்கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த அயர்லாந்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். கருகிய இலைகளில் வெண்ணிறப் பூசணம் படர்ந்திருந்ததைப் பலரும் கண்டனர். ஆனால், தீய காற்றாலும் மழையாலும் செடி அழுகியது என்றும், அவ்வழுகலிலிருந்தே பூசணம் தோன்றியது என்றும் அறிஞர் பலர் கருதினர். பூசணமே நோய்க்கு முதல் என்றார் சிலர். எனினும் அவர் சொல் எங்கும் ஏறவில்லை.

டி பாரி சொற்போரில் இறங்கினாரல்லர். செடியையே சான்றாக நிறுத்தினார். நலமுள்ள செடிகள் சிலவற்றின்மேல் பூசணத்தின் நுண்வித்துகளை இட்டார். வேறு சிலவற்றை வித்திடாமல் வைத்தார். வித்திட்டவை கருகின, ஏனையவை பசுமை மாறாமல் நின்றன. நுண்வித்து முளைத்து இலைக்குள் நுழைவதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கண்டார். இவ்வாறு 1861இல் உண்மை நிலைநாட்டப்பட்டது. அவ்வுயிரை இன்றைய அறிவியலார் உண்மைப் பூஞ்சைகளினின்றும் வேறான கிளையில் வைப்பர். ஆயினும் அவர் கண்ட முடிபு மாறவில்லை.

பார்பெரி என்னும் முட்புதர் அருகிலிருந்தால் கோதுமையில் துருநோய் மிகும் என்பது ஐரோப்பிய உழவர்களின் நெடுநாள் நம்பிக்கை. கற்றோர் பலர் அதனை எள்ளினர். டி பாரியோ, அத்துருப்பூஞ்சை தன் வாழ்வின் ஒரு பகுதியை அப்புதரிலும், மற்றொரு பகுதியைக் கோதுமையிலும் கழிக்கின்றது என 1865இல் விளக்கினார். உழவர் சொல் மெய்யாயிற்று.

கைட்ரிட் என்னும் பூஞ்சையினத்தையும் இவர் ஆராய்ந்தார். கிரேக்க மொழியில் சிறு பானை எனப் பொருள்படும் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். அதனைச் சூட்டியவர் இவர்தம் ஆசிரியர் அலெக்சாண்டர் பிரௌன். தம் மாணாக்கராகிய ருசிய நாட்டு வரோனினுடன் சேர்ந்து, செடிகளைப் பற்றும் கைட்ரிட் வகையொன்றை டி பாரி 1863இல் விளக்கினார். பூஞ்சைக் குலத்தின் தொன்மையான கிளைகளுள் ஒன்று இவ்வினம். இதன் நுண்வித்துகள் வாலசைத்து நீரில் நீந்தும்; பூஞ்சைகளின் முன்னோர் நீரில் வாழ்ந்தமைக்கு இஃதோர் அடையாளம்.

இவ்வினத்தைச் சார்ந்த ஒன்றே பிற்காலத்தில் தவளைகளுக்குக் கூற்றாயிற்று. ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் தவளைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அவற்றின் தோலில் கைட்ரிட் பற்றியிருந்ததை அறிஞர் 1998இல் வெளியிட்டனர். நோய்த்தோலின் துகளை நலமுள்ள தவளைகளின்மேல் இட்டுப் பார்த்தனர், அவை இறந்தன, இடப்பெறாதவை பிழைத்தன. டி பாரி காட்டிய வழியே இங்கும் உண்மையை உணர்த்திற்று. தவளை தோலின் வாயிலாகவே நீரையும் உப்பையும் ஏற்பது. அத்தோல் பழுதுற்றால் உடலின் உப்புநிலை குலைந்து இதயம் நின்றுவிடும். நீரிலும் நிலத்திலும் வாழும் இத்தகைய உயிர்களுள் 501 இனங்களேனும் இந்நோயால் அருகின என்றும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்றும் 2019இல் கணக்கிட்டனர்.

1872இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தை அடைந்த டி பாரி, புதிதாக அமைக்கப்பெற்ற அக்கழகத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். பல நாட்டு மாணாக்கர் அவரை நாடி வந்தனர். தம் 57ஆம் பிறந்தநாளுக்கு ஒரு கிழமை முன்னர், 1888 சனவரி 19ஆம் நாள், அந்நகரிலேயே மறைந்தார்.

மாணவர்களே! ஒன்றோடொன்று சேர்ந்து தோன்றும் இரண்டனுள் எது காரணம், எது காரியம் என்பதை ஆய்ந்து துணிதலே அறிவு. பலர் சொல்வதாலேயே ஒன்றைக் கொள்ளாமலும், எளியோர் சொல் என்பதாலேயே ஒன்றைத் தள்ளாமலும் மெய்யைத் தேடிய டி பாரியின் நெறி நமக்கும் உரியதாகுக.