பசிப்பிணி தீர்த்த வள்ளலார்

மனிதனைப் பற்றும் பிணிகள் பலவற்றுள் நாள் தவறாமல் வந்து நிற்பது பசி ஒன்றே. அதனைப் பிணி என்றே பெயரிட்டழைத்த பெருமை தமிழுக்கு உண்டு. பஞ்சத்தால் வாடிய காஞ்சி மாநகரில் அமுதசுரபியை ஏந்தி நின்று, கண் இழந்தோர்க்கும் செவி கேளார்க்கும் கால் முடமானோர்க்கும் நோயுற்றோர்க்கும் சோறிட்ட மணிமேகலையின் வரலாற்றை நாம் காப்பியமாகப் படித்திருக்கிறோம். காப்பியத்தில் கண்ட அவ்வறத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்லும் மண்ணும் கொண்டு அடுப்பாகக் கட்டிக் காட்டியவர் வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகள். அவர் வளர்ந்ததும் நடந்ததும் பாடியதும் நம் வடசென்னை மண்ணில் என்பதால், இவ்வெள்ளி விழா மலரில் அவர் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா பிள்ளை, சின்னம்மையார் இணையர்க்கு ஐந்தாம் மகவாக 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அடிகள் பிறந்தார். தவழும் பருவத்திலேயே தந்தையை இழந்தார். ஐந்து பிள்ளைகளுடன் தனித்து நின்ற தாய், பொன்னேரிக்கு அருகிலுள்ள சின்னக்காவணத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் குடிபெயர்ந்தார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் அக்குடும்பம் வாழ்ந்தது. மூத்தவராகிய சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து, வந்த வருவாயில் அனைவரையும் காத்தார்.

இளையவரோ பள்ளிப் படிப்பில் மனம் பற்றாமல் கந்தகோட்டத்துக் கோயிலே இருப்பிடமெனக் கொண்டார். சினமுற்ற தமையனார், தம்பிக்குச் சோறிடலாகாது என்று வீட்டில் கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தியம்மாள் மனம் பொறாமல், கணவர் அறியாதபடி அவருக்கு உணவளித்து வந்தார் என்று அடிகளின் வரலாறு கூறுவோர் சொல்வர். முன்வாசல் மூடப்பட்டவனுக்குக் கொல்லைப்புறத்தில் கிடைக்கும் சோறு எப்படிப்பட்டது என்பதை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். அடிகளுக்கு அது சில நாள் துன்பமாயிற்று. நமக்கோ ஊர் விதித்த வாழ்வாயிற்று. ஆயினும் வயிறு காய்ந்த அந்தச் சிறுவனே பின்னாளில் எவர்க்கும் கதவடைக்காத சாலையை எழுப்பினான் என்பதை நாம் மறத்தலாகாது.

இளமைப் பருவத்தில் அடிகள் ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்குக் கால்நடையாகவே சென்று தியாகேசரையும் வடிவுடையம்மனையும் வழிபட்டு வந்தார். வடிவுடை மாணிக்கமாலை அங்குப் பிறந்ததே. ஓரிரவு நேரங்கழித்து வீடு திரும்பியவர், அடைத்த கதவைத் தட்ட மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்தார் என்றும், வடிவுடையம்மையே அண்ணியாரின் உருவில் வந்து அவருக்கு அமுதூட்டினாள் என்றும் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. கதையை நம்புவோரும் நம்பாதோரும் அதிலுள்ள ஒரு கருத்தை ஒப்புவர்: தெய்வம் வந்தபோதும் சோற்றோடுதான் வந்தது.

அவர் வாழ்ந்த தெருவிலிருந்து நடக்கும் தொலைவிலேயே இருந்தது கஞ்சித் தொட்டி. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, மைசூர்ப் போரால் நிலமிழந்து வந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரமே அது. 1799இல் அதனை ஒட்டி மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதன் வழியில் வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. நம் முதியோர் இன்றும் அதனைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். மருந்துக்கு முன்னே கஞ்சி வந்தது. கஞ்சித் தொட்டியிலிருந்தே மருத்துவமனை பிறந்தது. மக்களின் உடல்நலம் எங்கே தொடங்குகிறது என்பதை இராயபுரத்துப் பெயர் ஒன்றே நமக்கு உணர்த்தவல்லது. அடிகளுக்குப் பத்து வயதிருக்கும்போது, 1833இல், குண்டூர்ப் பஞ்சம் வடக்கே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பசியும் சாவும் எளிதில் வந்து போகும் காலத்தில் அவர் வளர்ந்தார்.

1858ஆம் ஆண்டளவில் சென்னையை நீங்கிய அடிகள், வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு ஒரிசாவைச் சூறையாடிய பஞ்சம் சென்னை மாகாணத்தின் வட பகுதிகளையும் தாக்கியது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் அதற்கென ஏறத்தாழ 80 காணி நிலத்தை வழங்கினர். அரசனோ பெருவணிகனோ கட்டிய சத்திரம் அன்று அது. ஊரார் நிலம் தந்து, அன்பர்கள் அரிசி தந்து நடத்திய பொதுச் சமையற்கூடம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது.

தருமச்சாலையின் கொள்கை விளக்கமாக அவர் எழுதியது சீவகாருணிய ஒழுக்கம். அந்நூலில் பசியை அவர் ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். பசி முற்றும்போது கண் முதலிய பொறிகள் தளர்வதையும், அறிவு மயங்குவதையும், நம்பிக்கை குலைவதையும் வரிசைப்படுத்துகிறார். வேலையற்ற குடும்பத் தலைவன் ஒருவன், பட்டினியால் சோர்ந்த மனைவியையும், அழுது களைத்த பிள்ளைகளையும், தள்ளாத வயதுப் பெற்றோரையும் எண்ணிக் கலங்குவதைக் கல்லும் கரையுமாறு காட்டுகிறார். வாய்திறந்து கேட்க நாணி, உள்ளுக்குள்ளேயே வெந்து போகும் மானமுள்ளவர்களையும் அவர் மறக்கவில்லை. கையேந்தி வருபவனுக்கு இடுவது எளிது. கையேந்தாதவனைத் தேடிச் சென்று இடுவதே அரிது. இதனை அவர் அன்றே கண்டுகொண்டார்.

உணவோடு அவர் நிற்கவில்லை. தருமச்சாலையின் கிளைகளாக வைத்தியசாலை, சாத்திரசாலை முதலியவையும் அமைய வேண்டுமெனத் திட்டமிட்டார். மூலிகைகளின் குணங்களை எழுதிவைத்தார். எளிய மக்களுக்குத் திருக்குறள் கற்பிக்க வகை செய்தார். சோறு, மருந்து, கல்வி என்னும் இவ்வரிசையைக் கல்வித் தொண்டு செய்யும் நாம் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

சாலையில் உண்பதற்கு அவர் வைத்த தகுதி ஒன்றுதான்: பசித்திருத்தல். நாடு, சமயம், சாதி, நடத்தை எதனையும் ஆராயாமல் உணவிட வேண்டும் என்பது அவர் விதி. சத்திரங்களிலும் மடங்களிலும் சாதிக்கொரு பந்தி நடந்த காலம் அது. நம் முன்னோர்க்குப் பந்தியே இல்லாதிருந்த காலம். அக்காலத்தில் இவ்விதியை வகுத்ததன் அருமையை நாம் அளவிட்டுச் சொல்ல இயலாது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புலால் உண்போரை அவர் தம் நெறிக்குப் புறவினத்தார் என்றே வகுத்தார். மீனும் இறைச்சியும் உண்டு, கடலிலும் துறைமுகத்திலும் தோல் கிடங்கிலும் உழைத்து வாழும் நம் மக்களுக்கு இந்தச் சொல் உவப்பாக இராது. எவன் உண்பது எது என்பதைக் கொண்டு மனிதரைப் பிரித்த கொடுமையை அனுபவித்தவர்கள் நாம். ஆனால் அதே இடத்தில் அவர், அப்புறவினத்தார்க்கும் பசியைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்றார். தம் கோட்பாட்டின் எல்லைக்கோடு அடுப்பங்கரைக்குள் வாராதபடி அவர் தடுத்தார். அவருடைய கோட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை. கோடு போட்டபின்பும் சோற்றை மறுக்காத நெஞ்சத்தை வணங்குகிறோம்.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அடிகள் திருக்காப்பிட்டுக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அது சுட்டெரித்தது. பசியால் மெலிந்த உடல்களைக் காலரா வாரிச் சென்றது. அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டதும் அப்போதுதான். ஆனால் 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள், உழைப்பாளியின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்று குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், அவ்வளவு உணவில் மனிதன் உழைக்கவும் முடியாது, நோயைத் தாங்கவும் முடியாது என வாதாடினார். பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது. மண் வெட்ட வலுவுள்ளவனுக்கே சோறு என்று விதித்தால், முதியவரும் நோயாளியும் குழந்தையும் என்ன ஆவர்? உதவிக்கு வைக்கும் ஒவ்வொரு சோதனையும் எவரையோ வெளியே தள்ளுகிறது. சோதனையின்றி அன்னமிட்ட வடலூர் அடுப்பின் மதிப்பு அப்போது விளங்கிற்று.

நம் காலத்திலும் அது விளங்கிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் கொரோனாப் பெருந்தொற்றால் நாடு முடக்கப்பட்டது. சென்னையில் மிகுதியாகத் தொற்றுக் கண்ட பகுதிகளுள் இராயபுரம் மண்டலம் முன் நின்றது. காசிமேட்டில் படகுகள் கரையில் நின்றன. துறைமுகக் கூலிகளுக்கும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் நாட்கூலி நின்றது. அரிசிக் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கிடைத்தன. அம்மா உணவகங்கள் மலிவு விலையிலும், ஜூன் மாத முழு ஊரடங்கில் விலையின்றியும் உணவளித்தன. இவை பெரும் உதவி, ஐயமில்லை. ஆனால் அட்டை வேறு ஊரில் இருந்த வடமாநிலத் தொழிலாளி, தனித்து வாழ்ந்து கடைவரை நடக்க மாட்டாத மூதாட்டி, வரிசையில் நிற்க நாணிய குடும்பம் ஆகியோரை எட்டியது, அண்டை வீட்டார் கொண்டு சென்ற தூக்குச் சட்டியே. அடிகள் தேடச் சொன்னது இவர்களைத்தான்.

கல்வியும் சோறும் பிரிக்க முடியாதவை என்பதைச் சென்னை நெடுங்காலம் முன்பே அறிந்தது. 1920இல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய நண்பகல் உணவு, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் சத்துணவாகி, 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. எனினும், சமைப்பவர் நம்மவர் என்பதற்காகப் பிள்ளைகளை அவ்வுணவை உண்ண விடாத பெற்றோரைப் பற்றிய செய்திகளை இந்நூற்றாண்டிலும் நாளேடுகளில் படித்தோம். அடுப்பு எரிந்தால் மட்டும் போதாது. அதன் முன்னே எவர் நின்று அகப்பை பிடிக்கிறார் என்பதும் அறத்தின் பாற்பட்டது.

அடிகளின் பிறந்த நாள், தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாள் கொண்டாடுவது நன்று. அதனினும் நன்று, நம் ஒவ்வொரு தெருவிலும் தனித்து வாழும் முதியோர் எவர், அட்டையில்லாக் குடும்பம் எது, கேட்க நாணுபவர் எவர் என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்வது. அடுத்த கொள்ளைநோய் சொல்லிக்கொண்டு வாராது. அன்று சோறு எவ்வீட்டுக்கு முதலிற் செல்ல வேண்டும் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பார்களாயின், ஏழுகிணற்றுத் தெருவில் வளர்ந்தவரின் வாழ்வை நாம் படித்ததற்குப் பயன் விளைந்ததாகும்.