பெயரில்லா மொழிகளைத் தேடியவர்

அயர்லாந்தில் டப்ளின் நகரை அடுத்த கிளெனகீரியில் 1851 சனவரி 7ஆம் நாள் பிறந்த ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன், கணிதம் பயிலவே டிரினிட்டி கல்லூரிக்குள் நுழைந்தவர். அங்கே வடமொழி கற்பித்த பேராசிரியர் இராபர்ட் அட்கின்சன் அவரை மொழிகளின் பக்கம் திருப்பினார். 1871இல் இந்திய ஆட்சிப்பணித் தேர்வில் வென்று, 1873இல் வங்காளம் வந்து சேர்ந்தார். ஆட்சியாளராக வந்தவர் கேட்பவராக மாறினார் என்பதே அவர் வாழ்க்கையின் சுருக்கம். எனினும் அந்த மாற்றம் இறுதிவரை முழுமை பெறவில்லை.

வடவங்காளத்து இரங்கபுரியில் பணியாற்றியபோது, நாட்டுப்புறத்தார் பாடிவந்த மாணிக்கச்சந்திர மன்னன் கதைப்பாடலைத் திரட்டி 1878இல் ஆசியக் கழக இதழில் வெளியிட்டார். கற்றோர் ஏறெடுத்தும் பாராத பாடல் அது. பின்னர்ப் பீகாரில் மாவட்டப் பணிகளிலும் பள்ளிக் கண்காணிப்பிலும் ஈடுபட்ட ஆண்டுகளில் ஓர் உண்மை அவரை உறுத்தியது. வழக்குமன்றத்தில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டுத் திண்ணையில் வேறொரு மொழி. திண்ணை மொழியைப் பேசுவோரே அதனை மொழியென மதிக்கவில்லை. மைதிலியும் மககியும் போச்புரியும் தமக்கென இலக்கணம் உடையவை என்று காட்ட, 1883 முதல் 1887 வரை ஏழு இலக்கண நூல்களை அவர் எழுதினார். ஊர்க்கணக்கர் கைகளில் வழங்கிய காயதி எழுத்துக்கும் 1881இல் ஒரு கையேடு செய்தார்.

1885இல் வெளிவந்த ‘பீகார் உழவர் வாழ்க்கை’ என்னும் நூலில் அவர் கையாண்ட வழி தனித்துக் கூறத்தக்கது. உன் மொழி யாது என்று உழவனிடம் கேட்டால், அவன் தயங்குவான். அல்லது அதிகாரிக்கு உவப்பானதைச் சொல்வான். ஏரைக் காட்டி இதன் பெயர் என்ன, மேழியைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டால் தயக்கம் அகன்றுவிடும். வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும், தறிக்கும் செக்குக்கும் வழங்கிய சொற்களை மக்கள் வாயிலிருந்தே பெற்று, படங்களுடன் அந்நூலில் அடுக்கினார். வட்டாரந்தோறும் பெயர் மாறியதையும் குறித்தார். இன்றைக்கும் அவர் நூல்களுள் உயிர்ப்பு மிக்கது இதுவே எனலாம்.

1886இல் வியன்னாவில் கூடிய கீழைநாட்டு அறிஞர் பேரவை, இந்திய மொழிகள் அனைத்தையும் முறையாக அளவிடவேண்டும் என்று அரசை வேண்டியது. 1894இல் அப்பணி தொடங்கிற்று. 1898இல் கிரியர்சன் அதன் கண்காணிப்பாளரானார். ஒவ்வொரு பேச்சுவழக்குக்கும் மூன்று மாதிரிகள் கேட்கப்பட்டன. முதலாவது, விவிலியத்து ஊதாரி மைந்தன் உவமையின் பெயர்ப்பு. மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், முக்காலமும் அச்சிறு கதையில் அமைந்திருந்தமையே அதனைத் தெரிந்தெடுத்ததன் காரணம். இந்நாட்டார் மனம் நோகாதபடி சில சொற்கள் மாற்றப்பட்டன. இரண்டாவது, அவ்வூரிலேயே வழங்கும் ஒரு கதையோ பாட்டோ. மூன்றாவது, வரையறுத்த சொற்களும் தொடர்களும் கொண்ட ஒரு பட்டியல்.

கேள்வித்தாள் மாவட்டங்களுக்குப் போனதும் எதிர்பாராத இடர் எழுந்தது. மொழிகளுக்குப் பெயர் இல்லை! தாம் ஒரு பெயருடைய மொழியைப் பேசுகிறோம் என்ற எண்ணமே சிற்றூர் மக்களிடம் இல்லை. பெயர் சூட்டுபவர் அயலார், அப்பெயரிலோ பெரும்பாலும் இகழ்ச்சி கலந்திருக்கும். பஞ்சாபின் தென்புறத்தே பாசனமற்ற நிலத்தார் பேச்சுக்குச் சங்கலி என்று பெயர். நாகரிகமற்றவன் என்றும் அச்சொல் பொருள்படும். அதைப் பேசுகிறேன் என்று ஒப்ப ஒருவரும் முன்வரவில்லை. அது எங்களுக்குத் தெரியும், ஆனால் இங்கில்லை, இன்னும் சற்றுத் தொலைவில்தான் பேசுவார்கள் என்றே எவரும் கை காட்டினர். அங்குச் சென்றாலும் அதே விடை. இப்படியே தொடர்ந்தால், பேச ஆளே இல்லாத இராசபுத்தானப் பாலைவனத்தில்தான் போய் முடியவேண்டும் என்று கிரியர்சன் நகைச்சுவையோடு பதிவு செய்தார். மொழி பற்றிய மனப்பாங்கு என்று பிற்காலத்தார் தனித்துறையாக ஆராய்ந்தது, அந்தச் சிரிப்புக்குள் முன்னரே அடங்கிக் கிடக்கிறது. தன் பேச்சைத் தனதென்று சொல்ல ஒருவன் நாணும்போது, அவன் தரும் விடையைக் கணக்கிற் சேர்ப்பது எங்ஙனம்?

கிரியர்சன் முறையின் குறையும் இங்குதான். வினாக்கள் மாவட்ட அலுவலர் வழியாகச் சென்றன. எழுதித் தந்தோர் எழுத்தறிந்தோர். எழுதுகோல் கைக்கு வந்ததும் எவரும் தம் பேச்சுக்கு நல்லாடை உடுத்துவர். இதை அறிந்தமையால்தான், பெயர்ப்பல்லாத இரண்டாம் மாதிரியை அவர் வற்புறுத்தினார். ஐயம் எழுந்த இடங்களில் வினவித் தெளிந்தார். எனினும் 1899க்குப் பின் இங்கிலாந்தில் இருந்தபடியே ஏடுகளைக் கொண்டு பணியை நடத்தியவர் அவர். கேட்டதினும் வாசித்ததே மிகுதி. பெயரிடும் ஆசையும் அவரை விடவில்லை. மூன்று வழக்குகளைச் சேர்த்துப் பீகாரி என்றார். பேசுவோர் எவரும் அப்பெயரை அறியார். குடிக்கணக்கில் அம்மக்களுட் பெரும்பாலோர் தம் மொழி இந்தி என்றே எழுதுவித்தனர். இலக்கணம் ஒன்றைச் சொல்ல, மனம் வேறொன்றைச் சொல்லிற்று. அவர் இலக்கணத்தையே நம்பினார்.

சென்னை மாகாணமும் ஐதராபாத்தும் மைசூரும் அளவீட்டின் எல்லைக்குள் வரவில்லை. 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதியை எழுதிய நார்வே அறிஞர் ஸ்டென் கோனோ, தமிழோடு உறவுடைய குறவர், கைகாடியர் பேச்சுகளுக்கு அதில் இடந்தந்தார். கூடை முடைந்து ஊர்சுற்றிய எளியவர் வாய்மொழி அங்ஙனம் அச்சேறியது.

ஏட்டைவிடக் குரலே மெய்யானது என்பதை அவருக்கு உணர்த்திய நிகழ்ச்சி காசுமீரத்தில் நேர்ந்தது. 1914இல், பதினான்காம் நூற்றாண்டுப் பெண்துறவி லல்லாவின் வாசகங்களுக்குச் சுவடி தேடித் தரும்படி தம் நண்பர் முகுந்தராம சாத்திரியை அவர் வேண்டினார். நல்ல சுவடி கிட்டவில்லை. கூசு என்னும் சிற்றூரில், வழிவழியாக அவ்வாசகங்களை ஓதிவந்த தருமதாச தர்வேசு என்னும் முதியவரைச் சாத்திரியார் கண்டார். தமக்கே பொருள் விளங்காத பழஞ்சொற்களையும் மாற்றாமல் அம்முதியவர் ஓத, சாத்திரியார் எழுதினார். பொருள் தெரியாதவர் திருத்தவும் மாட்டாரன்றோ! அந்த ஓதுதலே, பார்னெட்டுடன் இணைந்து கிரியர்சன் 1920இல் வெளியிட்ட பதிப்புக்கு அடிப்படையாயிற்று.

இதற்கிடையே மாகாண அரசுகள் இசைத்தட்டுகளில் மொழிகளைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தன. அளவீட்டுக்கு வெளியே நின்ற சென்னை மாகாணமும் இதில் சேர்ந்தது. ஊதாரி மைந்தன் கதையைத் தமிழ்க்குரல்கள் சொல்லும் தட்டுகள் அவ்வாறு உருவாயின. அவை பிற்காலத்தில் கணினிவழியும் கேட்கக் கிடைத்தன.

1928இல் 179 மொழிகளும் 544 கிளைவழக்குகளும் அடங்கிய பெருந்தொகுதிகள் நிறைவெய்தின. அப்போது அவருக்கு அகவை 77. அவ்வாண்டே பிரித்தானிய அரசின் உயரிய ஆர்டர் ஆஃப் மெரிட் சிறப்பு அவரை வந்தடைந்தது. காசுமீர மொழி அகராதியை 1932இல் முடித்தார். 1941 மார்ச்சு 9ஆம் நாள் கேம்பர்லியில் மறைந்தார். அவர் இளமையில் இலக்கணம் வகுத்த மைதிலியைச் சாகித்திய அகாதெமி 1965இல் இலக்கிய மொழியாக ஏற்றது. 2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தம் அதனை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. போச்புரியும் மககியும் அத்திருத்தத்தில் இடம்பெறவில்லை.