வெறுங்கால் கேப்டனின் எம்.பி.பி.எஸ்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கமிருந்து காலேஜுக்கு வர்ற உங்கள்ல பல பேர் வீட்டில் யாராவது ஒருத்தர் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை பார்த்திருப்பாங்க. அப்படிப்பட்ட ஊர்க்காரங்ககிட்ட, வெறுங்காலோடு ஒலிம்பிக்ஸில் ஃபுட்பால் ஆடின ஒருத்தரைப் பத்திப் பேசுறது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனா தாலிமேரென் ஆவோவை நான் எடுத்துக்கிட்டது அவர் காலுக்காக இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக்ஸ் ஃபுட்பால் கேப்டனா நின்னப்போ அவர் இன்னும் ஸ்டூடன்ட். டிகிரி கையில் இல்லை. ஃபைனல் இயர்ல உட்கார்ந்து, டீம்ல தொடரலாமா, படிப்பை மட்டும் பார்க்கலாமான்னு குழம்புற ஆளா இருந்தா இவரை நீங்க தெரிஞ்சுக்கணும்.

பிறந்தது 28 ஜனவரி 1918, இன்றைய நாகாலாந்தின் மோகோக்சுங் மாவட்டத்தில் உள்ள சாங்கி கிராமத்தில். (அதே வருஷம்தான் ஐடா ஸ்கடர் நம்ம வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.) அப்பா சுபோங்வதி பாதிரியார். பன்னிரண்டு பிள்ளைகள், தாலிமேரென் நாலாவது. குடும்பம் பிறகு இம்பூருக்குக் குடிவந்தது. அங்கே மிஷன் வளாகத்து மைதானத்தில், துணியைச் சுருட்டிக் கட்டின பந்தை உதைத்துத்தான் பையன் ஆட்டம் கற்றுக்கொண்டான். பள்ளிப் படிப்புக்கு ஜோர்ஹாட் போனான்.

1935-ல் அப்பா டைஃபாய்டில் இறந்துபோனார். பதினேழு வயசுப் பையனுக்கு அவர் விட்டுப்போனது சொத்து இல்லை, ஒரு ஆசை. மகன் டாக்டராகி நாகா மலை மக்களுக்கு வைத்தியம் பார்க்கணும் என்ற ஆசை. நம்ம வீடுகளிலும் இதுமாதிரி ஆசைகள் உண்டு, எவ்வளவு கனமானதுன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பையனை ஆட்டத்தை விடச் சொல்லி அப்பா கேட்டதாக எங்கேயும் இல்லை. பையனும் விடலை.

குவஹாத்தி காட்டன் காலேஜில் படிக்கும்போதே அங்கிருந்த மகாராணா கிளப்புக்கு ஆடினார். 1942-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தது. இன்னிக்கு ஆர்.ஜி. கர் என்ற பெயரில் இருக்கிற அதே காலேஜ்தான். அடுத்த வருஷமே மோகன் பகான் அணியில் சேர்ந்துவிட்டார். அப்போ வயசு இருபத்தஞ்சு. பாதி வழியிலேயே நம்ம வயசைத் தாண்டிட்டார், கவனிங்க.

அந்த வருஷங்கள் சாதாரணமானவை இல்லை. 1943-ல் வங்காளப் பஞ்சம். 1944-ல் ஜப்பான் படை கோஹிமாவை முற்றுகையிட்டது, நாகா மலையே போர்க்களமானது. 1946-ல் கல்கத்தாவில் கலவரம். அடுத்த வருஷம் பிரிவினை. இதற்கு நடுவே பகலில் அனாடமி, சாயங்காலம் மைதானம்னு ஒருத்தர் ஓட்டியிருக்கார். இன்டர்னல்ஸ் வாரத்தில் மேட்ச் வந்தாலே நாம புலம்புவோம். அவரைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் லண்டனுக்குத் தாவிடறாங்க. எனக்கு இந்தக் கல்கத்தா வருஷங்கள்தான் பெரிசாத் தெரியுது.

களத்தில் அவர் சென்டர் ஹாஃப். கோல் போட்டுப் பேர் வாங்குற இடம் இல்லை, எதிரணியின் தாக்குதலை நடுவிலேயே உடைத்து பந்தை முன்னால் அனுப்புற இடம். மோகன் பகானுக்குக் கேப்டன் ஆனார். பிறகு 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் வந்தது. இந்திய அணிக்குக் கேப்டன், தொடக்க விழா அணிவகுப்பில் தேசியக் கொடியைத் தூக்கிப்போனவரும் அவரே. சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகலை.

31 ஜூலை 1948, இல்ஃபோர்டில் உள்ள கிரிக்கில்ஃபீல்ட் மைதானம். எதிரே பிரான்ஸ். பதினோரு இந்தியர்களில் எட்டுப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. காசில்லாததால் மட்டும்னு நினைக்காதீங்க, அவங்க பழகினதே அப்படித்தான், பந்து காலில் படுற உணர்வு அவங்களுக்கு வேணும். அரைமணி நேரத்தில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு ரெண்டு பெனால்டி கிடைத்தது, ரெண்டும் வீண். ஒன்றை சைலன் மன்னாவும் இன்னொன்றை மகாவீர் பிரசாதும் விட்டார்கள். 70-வது நிமிஷம் சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்தார். 89-வது நிமிஷம் பிரான்ஸின் இரண்டாவது கோல். 2-1. வெறும் ஒரு நிமிஷம் தாங்கியிருந்தால் எக்ஸ்ட்ரா டைம்! ஆனா தோற்ற அணிக்குத்தான் கூட்டம் கை தட்டியது.

அந்த ஆட்டத்துக்குச் சில மாதம் முன்னால், 1948 ஏப்ரலில், சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. லெதர் டெக்னாலஜி படிக்கிற நண்பர்கள் இதைக் குறிச்சு வெச்சுக்கலாம். நாலு வருஷம் கழிச்சு ஹெல்சிங்கியில், குளிரில், வெறுங்காலோடு ஆடின இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

ஹெல்சிங்கியில் ஆவோ இல்லை. லண்டன் முடிந்ததும் ஆர்சனல் கிளப் அவரை ஒரு வருஷ ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டதாக ஒரு பேச்சு உண்டு. கூப்பிட்டாங்களோ இல்லையோ, அவர் திரும்பி வந்தது கல்கத்தா காலேஜுக்கு. முப்பது வயசு, இந்தியாவில் ஒரு ஃபுட்பால்காரர் எட்டக்கூடிய உச்சம், இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு பாக்கி. 1950-ல் எம்.பி.பி.எஸ். வாங்கினார். அதே வருஷம் பிரேசில் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் அணி போகலை. பூட்ஸ் இல்லாததால்தான் போகலைன்னு வாட்ஸ்அப்பில் சுத்துற கதையை அப்படியே நம்பாதீங்க. ஒலிம்பிக்ஸ்தான் முக்கியம்னு அன்றைய கால்பந்து சங்கம் நினைத்தது.

அவர் ஆட்டத்தைத் தியாகம் பண்ணினார்னு எழுதுறவங்களோட எனக்கு ஒத்துப்போகலை. முடிவு 1935-லேயே எடுத்தாச்சு. நடுவில் வந்த புகழ் அதை மாற்றலை, அவ்வளவுதான். ஆட்டத்தை அவர் ஒரு நாளும் கம்மியா ஆடினதும் இல்லை.

டாக்டர் ஆனதும் கல்கத்தாவிலேயே தங்கியிருக்கலாம். மைதானத்தில் அவரைப் பார்த்தவர்களே வரிசையில் வந்திருப்பாங்க. ஆனா நாகா மலைக்குத் திரும்பினார், கோஹிமாவில் அரசு டாக்டரா வேலை பார்த்தார். ஐம்பதுகளில் அங்கே ராணுவத்துக்கும் ஆயுதம் ஏந்தினவர்களுக்கும் சண்டை. ஆஸ்பத்திரி வேலை எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. 1963-ல் நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. அதன் சுகாதாரத் துறை இயக்குநராக இருந்து 1978-ல் ஓய்வு பெற்றார். சி.எம்.சி. வாசலில் வடகிழக்கிலிருந்து வந்து காத்திருக்கிற குடும்பங்களைப் பார்க்கிறவங்களுக்கு, அந்த மலையில் அன்னிக்கு ஒரு டாக்டர் இருந்தது என்ன அர்த்தம்னு புரியும்.

13 செப்டம்பர் 1998-ல், எண்பதாவது வயசில் காலமானார். நூற்றாண்டு வருஷமான 2018-ல் அவர் படத்தோடு தபால்தலை வந்தது. வடகிழக்கு மாநில அணிகள் மோதிய ஃபுட்பால் கோப்பை ஒன்றுக்கும் அவர் பெயரை வைத்தாங்க. கேப்டன் ஆவோ கோப்பைன்னு இல்லை, டாக்டர் டி. ஆவோ கோப்பைன்னு.