பொறி கண்டார், ஐயமும் கொண்டார்!

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அப்பழமொழி மீது எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. பள்ளியில் படித்தபோது, சுற்றுலாவுக்காக வகுப்பில் திரட்டிய பணம் காணாமற் போயிற்று. ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். என் முறை வந்ததும் நாக்கு வறண்டது; கை வேர்த்தது; நெஞ்சு படபடத்தது. நான் எடுக்கவில்லை. ஆயினும், எடமலைப்பட்டி புதூர்க் கொத்தனாரின் மகன், சுற்றுலாவுக்குப் பணம் கட்டாத ஒரே மாணவன், வேர்த்து நின்றால் யார் நம்புவார்? மூன்றாம் நாள் அப்பணம் வருகைப் பதிவேட்டின் உறைக்குள் கிடைத்தது. அந்த மூன்று நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. பொய்யறியும் பொறியைப் படைத்த ஜான் அகஸ்டஸ் லார்சனின் வரலாற்றை நான் விரும்பிப் படித்ததற்கு அதுவே காரணம்.

லார்சன் 1892-ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கைரேகை பற்றி ஆராய்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1920-இல் உடலியங்கியலில் முனைவரானார். ஆராய்ச்சிக் கூடத்தில் அமர வேண்டிய அவர், பெர்க்லி நகரில் காக்கும் பணியில் காவலராகச் சேர்ந்தார்! அந்நகரக் காவல்துறைத் தலைவர் ஆகஸ்ட் வோல்மர், அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்கும் முறையை வெறுத்தவர். தடிக்குப் பதில் அறிவியலைக் கொண்டுவர விரும்பிய அவருக்கு லார்சன் வலக்கையானார்.

பொய் சொல்லும்போது குருதியழுத்தம் உயர்கிறது என்று வில்லியம் மார்ஸ்டன் என்பவர் முன்னரே ஆராய்ந்திருந்தார். அவர் அழுத்தத்தை விட்டுவிட்டு அளந்தார். லார்சனோ 1921-இல் அதனை இடைவிடாமல் பதியும் கருவியை அமைத்தார். கையில் ஒரு பட்டை. மார்பைச் சுற்றி ஒரு குழாய். குருதியழுத்தமும் நாடியும் மூச்சும், சுழலும் கரிப்புகைத் தாளில் கோடுகளாக விழும். சாதாரணக் கேள்விகளுக்கிடையே குற்றம் பற்றிய கேள்வியைக் கேட்டு, கோடு எங்கே துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். பின்னாளில் தோலின் மின்தடையை அளப்பதும் சேர்ந்தது. வேர்க்கும்போது தடை குறையும், மின்னோட்டம் மிகும். ஓம் விதி படித்த நமக்கு இது வியப்பன்று.

அவ்வாண்டே பெர்க்லியில் மாணவியர் விடுதியொன்றில் தொடர்ந்து பொருட்கள் திருடுபோயின. விடுதியினரை லார்சன் சோதித்தார். ஒருத்தியின் கோடு மட்டும் பெரிதும் மாறியது. பிறகு அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பொருளை இழந்தவர்களுள் ஒரு மாணவியையே லார்சன் பின்னர் மணந்தார்! செய்தித்தாள்கள் பொறியைப் புகழ்ந்தன. அவரோடு பணியாற்றிய லியோனார்ட் கீலர் அதனைப் பெட்டிக்குள் அடக்கினார். அது காவல் நிலையங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் பரவியது.

பொறி பரவப் பரவ, படைத்தவருக்கோ ஐயம் வளர்ந்தது. லார்சன் மருத்துவம் படித்து மனநல மருத்துவரானார். கருவி அளப்பது பொய்யையன்று, உடலின் கலக்கத்தையே என்பதை அவர் உணர்ந்தார். குற்றமற்றவனும் அஞ்சலாம், கைதேர்ந்த பொய்யன் அசையாமலும் இருக்கலாம். தடிக்கு மாற்றாகத் தாம் தந்த பொறியே மிரட்டும் தடியானது கண்டு மனம் நொந்தார். அதன் முடிவை நீதிமன்றச் சான்றாக ஏற்பதை எதிர்த்தார். அந்த வருத்தத்தோடே 1965-இல் மறைந்தார்.

இப்பொறி நம் ஊருக்கும் அயலானதன்று. 2012-இல் திருச்சியில் நடந்த ஒரு கொலை வழக்கிற்காக, 2023-இல் சிலருக்குச் சென்னையில் உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. ஆனால், ஒருவரது இசைவின்றி இச்சோதனையை நடத்தக் கூடாது என்றும், இசைந்தாலும் அதன் முடிவு மட்டுமே சான்றாகாது என்றும் நம் உச்ச நீதிமன்றம் 2010 மே 5-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. லார்சன் காணாத தீர்ப்பு, கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நண்பர்களே! ஒரு கருவியைப் படைக்க அறிவு போதும். தான் படைத்ததன் குறையைத் தானே ஊரறியச் சொல்ல நேர்மை வேண்டும். நாளை நம்மில் சிலர் ஆசிரியராகலாம். சிலர் காவல் அதிகாரியாகலாம். அன்று நம் முன்னே ஒரு சிறுவன் வேர்த்து நின்றால், அந்த வேர்வையைக் கொண்டே அவனைக் கள்வன் என்று முடிவு கட்டாதிருப்போம். பதிவேட்டின் உறையையும் ஒருமுறை பார்ப்போம்.