சுருக்கத்தை மறைத்த கோடீசுவரி

அந்த ஓவியத்தைப் பார்த்ததும் சீமாட்டிக்குத் தூக்கி வாரிப் போட்டது.

சிவப்புப் பட்டு உடை. உடை முழுவதும் பூ வேலை. அதெல்லாம் சரிதான். ஆனால் முகம்? கண்ணுக்குக் கீழே பை. தாடை தொங்குகிறது. கழுகு போன்ற பார்வை. எண்பத்து நாலு வயதுக் கிழவி ஒருத்தி படத்துக்குள் இருந்து முறைத்துப் பார்க்கிறாள்!

அந்தக் கிழவி அவரேதான்.

இது நடந்தது 1957-ஆம் ஆண்டில். ஓவியத்தைத் தீட்டியவர் இங்கிலாந்தின் பெரிய ஓவியர் கிரகாம் சதர்லாண்டு. சீமாட்டியின் பெயர் ஹெலினா ரூபின்ஸ்டீன். முகச் சுருக்கத்தைப் போக்கும் களிம்பு விற்று, கோடி கோடியாகப் பணம் சேர்த்தவர். சுருக்கமே அவருடைய எதிரி. அந்த எதிரியை அவர் முகத்திலேயே காட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

எட்டுப் பெண்களில் மூத்தவள்

ஹெலினா பிறந்தது 1872-ஆம் ஆண்டு. போலந்து நாட்டில் உள்ள கிராக்கோ நகரம். யூதக் குடும்பம். தகப்பனார் சிறு கடைக்காரர். மண்ணெண்ணெய் விற்றார். வீட்டில் எட்டும் பெண்கள். ஹெலினாதான் மூத்தவள்.

வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை அவள் ஏற்கவில்லை. வீட்டில் சண்டை. வியன்னாவில் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள். பிறகு 1896-இல் கப்பல் ஏறினாள். ஆஸ்திரேலியாவில் கோல்ரெய்ன் என்ற சிற்றூர். அங்கே மாமா கடை வைத்திருந்தார்.

ஆள் குள்ளம். 4 அடி 10 அங்குலம்தான். படிப்பு அதிகம் இல்லை. ஆங்கிலம் தடுமாற்றம். ஆனால் முகம் மட்டும் பளிங்கு போல் இருக்கும். அந்த ஊர்ப் பெண்களோ வெயிலிலும் காற்றிலும் அடிபட்டு, தோல் காய்ந்து போனவர்கள். உன் முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று அவளைக் கேட்டார்கள்.

அந்தக் கேள்விதான் அவளைக் கோடீசுவரி ஆக்கியது.

ஆட்டு ரோமமும் கட்டுக் கதையும்

தாயார் பன்னிரண்டு ஜாடிக் களிம்பைப் பெட்டியில் வைத்து அனுப்பினார் என்று ஹெலினா பின்னாளில் சொல்வார். அது இருக்கட்டும். ஆஸ்திரேலியா ஆடுகளின் நாடு. ஆட்டு ரோமத்தில் பிசுக்கு உண்டு. அதற்கு லானோலின் என்று பெயர். தோலை மிருதுவாக்கும். ஆனால் நாற்றம் அடிக்கும். வாசனைச் சரக்கைச் சேர்த்து நாற்றத்தை அடக்கினார். ஜாடியில் அடைத்தார். வலாஸ் என்று பெயர் வைத்தார்.

மெல்போர்ன் நகரில் கடை திறந்தார். ஜாடி ஒன்றுக்கு ஆன செலவு பத்து பென்னி, விற்ற விலை ஆறு ஷில்லிங் என்று சொல்வார்கள். ஒன்றுக்கு ஏழு பங்கு! ஆனாலும் பெண்கள் முண்டியடித்தார்கள்.

காரணம் விளம்பரம். கார்பேத்திய மலையின் அபூர்வ மூலிகைகளைக் கொண்டு, லைகஸ்கி என்ற மருத்துவ மேதை தயாரித்த களிம்பு என்று விளம்பரம் சொன்னது. உண்மையில் அது மெல்போர்னிலேயே தயாரானது. உள்ளூர் ஆட்டுப் பிசுக்கு, ஐரோப்பிய மலை மூலிகை ஆகிவிட்டது!

களிம்பு கெடுதல் செய்யவில்லை. காய்ந்த தோலுக்கு இதமாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பென்சில் செய்த மாயம்

1908-இல் லண்டனில் கடை. பிறகு பாரிஸ். 1915-இல் நியூயார்க். போகும் இடமெல்லாம் ஹெலினாவின் படமும் போயிற்று. வெள்ளை அங்கி அணிந்து, கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே நிற்பார். பார்ப்பவர்கள் டாக்டர் என்றே நினைப்பார்கள். அவர் வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல.

படத்தில் இன்னொரு விசேஷம். வருஷம் போகும். வயது போகாது. அறுபது வயதிலும் படத்தில் முகம் வழுவழுப்பாக இருக்கும்.

இது எப்படி? களிம்பின் சக்தியா? இல்லை. பென்சிலின் சக்தி!

அந்தக் காலத்துக் காமிராவில் முதலில் நெகட்டிவ் விழும். அதில் கறுப்பு வெளுப்பாகவும், வெளுப்பு கறுப்பாகவும் தெரியும். முகச் சுருக்கம் படத்தில் கறுப்புக் கோடு. ஆகவே நெகட்டிவில் அது வெளிச்சக் கோடு. கூர்மையான பென்சிலை எடுத்து, அந்தக் கோட்டை மெல்ல நிரப்பிவிட்டால் போதும். அச்சடித்த படத்தில் சுருக்கம் மறைந்துவிடும். இடுப்பு பருமனா? பின்புறம் இருட்டாக இருந்தால் ஒரு சின்னக் கத்தி போதும். நெகட்டிவில் இடுப்பின் ஓரத்தைச் சுரண்டினால், அந்த ஓரம் இருட்டோடு கலந்துவிடும். இடுப்பு சிறுத்துவிடும்! நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் முன்பு இதை டச்சிங் என்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் படம் எடுத்த வீட்டார் பலருக்கு இது தெரிந்திருக்கும்.

இந்த வித்தை ஹெலினா கண்டுபிடித்தது அல்ல. 1855-இல் பாரிஸ் நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. ஹான்ப்ஸ்டாங்கல் என்ற ஜெர்மானியர் ஒரே முகத்தின் இரண்டு படங்களை அங்கே வைத்தார். ஒன்று டச்சிங் செய்யாதது. இன்னொன்று செய்தது. கூட்டம் அசந்து போயிற்று.

படம் எடுத்துக் கொள்பவர் தம் ஆசைக்கு டச்சிங் செய்துகொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் களிம்பு விற்பவர் செய்துகொண்டால்? கூலிக்குத் தட்டெழுத்து அடிக்கும் பெண் அந்தப் படத்தைப் பார்க்கிறாள். இந்த வயதிலும் இப்படியா என்று வியக்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஜாடி வாங்குகிறாள். தன் முகம் அப்படி ஆகவில்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறாள். பென்சிலைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள்?

1938-இல் அமெரிக்க அரசாங்கம் அழகுப் பொருள்களுக்கும் சட்டம் கொண்டு வந்தது. பொய் லேபிள் ஒட்டக்கூடாது என்றது. எழுத்துக்குக் கடிவாளம் விழுந்தது. படத்துக்கு விழவில்லை.

73 லட்சம் டாலர்

கெட்டிக்காரி என்பதில் சந்தேகமே இல்லை. 1928-இல் அமெரிக்கத் தொழிலை லேமன் பிரதர்ஸ் என்ற பணக்கார நிறுவனத்துக்கு விற்றார். விலை 73 லட்சம் டாலர். மறு வருஷமே பங்கு மார்க்கெட் சரிந்தது. பங்கு விலை பாதாளத்துக்குப் போயிற்று. ஹெலினா தேடித் தேடிப் பங்குகளை வாங்கினார். ஏறக்குறைய 15 லட்சம் டாலரில் தம் கம்பெனியைத் திரும்பப் பிடித்தார்!

நியூயார்க்கில் ஒரு மாளிகையில் வீடு கேட்டார். யூதர் என்பதால் மறுத்தார்கள். மாளிகையையே விலைக்கு வாங்கிக் குடியேறினார். அப்படிப்பட்ட பெண்.

ஆனால் வயதைக் கேட்டால் மட்டும் குறைத்தே சொல்வார்.

ஓவியருக்குப் பென்சில் இல்லை

தம்மைப் படமாகத் தீட்டச் சொல்வதில் அவருக்குத் தீராத ஆசை. இருபதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் தீட்டினார்கள். டாலி என்ற ஓவியர் 1943-இல் அவரை நகைகளாலேயே பாறையில் கட்டிப் போட்டது போல் வரைந்தார். பிக்காசோ பென்சில் சித்திரங்கள் வரைந்ததோடு நின்றுவிட்டார்.

கடைசியில் சதர்லாண்டு வந்தார். இவர் யாரையும் மெழுகிப் பூசாதவர். முன்பு சர்ச்சிலை உள்ளபடி வரைந்தவர். சர்ச்சிலுக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. பிறகு அவர் குடும்பத்தார் அதை அழித்தே விட்டார்கள்.

ஹெலினா நினைத்திருந்தால் அவரும் அப்படிச் செய்திருக்கலாம். பணத்துக்கா பஞ்சம்? ஆனால் செய்யவில்லை. லண்டன் டேட் காட்சிசாலையில் ஓவியத்தை வைக்க இடம் கொடுத்தார். மக்கள் வந்து பார்த்தார்கள். பிரமாதம் என்றார்கள். கிழட்டுச் சிங்கம் போன்ற அந்த முகத்தில் ஒரு கம்பீரம் இருப்பதாக விமர்சகர்கள் எழுதினார்கள். மெள்ள மெள்ள ஹெலினாவின் மனமும் மாறியது. அந்தப் படத்தோடு சமாதானம் செய்துகொண்டார். ஆனால் விளம்பரங்களில் பழைய வழுவழுப்பு முகம்தான் வந்தது! அதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை.

1959-இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் அவர் பெயரால் ஒரு கலை மண்டபம் திறக்கப்பட்டது. அதே இஸ்ரேலில் 2012-இல் ஒரு சட்டம் பிறந்தது. விளம்பரத்தில் அழகியின் உடலைக் கம்ப்யூட்டரால் மெலிதாக்கினால், அதைப் படத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்றது. 2017-இல் பிரான்சும் அப்படி விதி செய்தது. ஹெலினாவின் கம்பெனி 1988-இல் லோரியால் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. 2011-இல் லோரியாலின் வேறு இரண்டு முகப்பூச்சு விளம்பரங்களுக்குப் பிரிட்டனில் தடை விழுந்தது. டச்சிங் அதிகம் என்பதே குற்றம். இதையெல்லாம் பார்க்க ஹெலினா இல்லை.

1965 ஏப்ரல் முதல் தேதி நியூயார்க்கில் அவர் காலமானார். அப்போது வயது 92. வாழ்நாள் முழுவதும் வயதைக் குறைத்துச் சொன்னவர் அல்லவா? எது சரி என்று யாருக்கும் தெரியவில்லை. பத்திரிகைகளில் 94 என்று வந்தது.