சோழரை நமக்கு மீட்டுத் தந்த பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி

பொன்னியின் செல்வன் திரைப்படம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது முதல் நம் ஆலயத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றவர் யார்? நியூ ஜெர்ஸியில் பிறந்து வளரும் குழந்தைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொலையைப் பற்றிக் கேட்கிறார்களே என்று நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. விடை தேடிப் போனபோது நாம் வந்து சேர்ந்த இடம் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் வாழ்க்கை.

தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சியில் 1892 ஆகஸ்ட் 12-ஆம் நாள் பிறந்தவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. தேறினார். படித்த திருநெல்வேலிக் கல்லூரியிலேயே ஆசிரியரானார். அதன்பின் காசி இந்து பல்கலைக்கழகம், சிதம்பரம், திருச்சி என்று சுற்றி, 1929-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காருக்கு அடுத்து இந்திய சரித்திரப் பேராசிரியராக அமர்ந்தார். 1946 வரை அங்கேதான்.

அந்த நாளில் வின்சென்ட் ஸ்மித் போன்ற ஆங்கிலேயர் எழுதிய இந்திய சரித்திரத்தில் தென்னாடு கடைசிச் சில அத்தியாயங்களில் அடங்கிவிடும். இந்தியருக்குத் தம்மைத் தாமே ஆண்டு பழக்கமில்லை என்பது ஆள வந்தவர்களின் பேச்சு. அதற்குப் பதில் கோவில் சுவர்களில் எழுதிக் கிடந்தது. தஞ்சைப் பெரிய கோவிலை எழுப்பியவன் இராஜராஜன் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டைப் படித்த பிறகுதான் உறுதியாயிற்று. அதுவரை தலபுராணம் வேறொரு சோழனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படி வெளிவந்த ஆயிரக்கணக்கான சாசனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, செப்பேடுகளையும் பிற நாட்டார் குறிப்புகளையும் சேர்த்து, சாஸ்திரியார் எழுதிய சோழர் சரித்திரம் 1935-இலும் 1937-இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அவர் 1932-இலேயே விரிவாக எழுதியிருந்தார். பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டு ஏற்பட்ட விதிப்படி, முப்பது குடும்புகளிலும் குடவோலை மூலம் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை! (நம் ஆலய நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு இது பொருந்துமா என்று கேட்டு எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டாம்.) விடுதலைப் போராட்டக் காலத்தில் இச்சாசனம் பலருக்குப் பெருமிதம் தந்தது. ஒன்றை மறக்கலாகாது. அது அந்தணர்களின் பிரமதேய ஊர். நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவருடைய பெயர் குடத்திற்குள் போயிருக்காது. சோழப் பேரரசை வலிமையான மைய அரசாக சாஸ்திரியார் கண்டதையும் அமெரிக்கப் பேராசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். ஆனால் மறுப்பவரும் சாஸ்திரியாரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கொலைக்கு வருவோம். காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் உடைமைகளையும், அவர்கள் உறவினரின் உடைமைகளையும் பறிமுதல் செய்தது பற்றிப் பேசுகிறது. கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவே உத்தம சோழன் பல ஆண்டுகள் ஆண்டிருக்கிறான். ஆகவே அவனுக்கும் சதியில் பங்கிருக்க வேண்டும் என்று சாஸ்திரியார் கருதினார். இதை ஏற்காமல், பழி சுமத்தச் சான்று போதாது என்று வாதாடியவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். அவரும் அதே 1892 ஆகஸ்டில், கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் பிறந்தவர். தமிழாசிரியராக இருந்து, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழிலேயே எழுதினார்.

தமிழிலேயே என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1915-இல் வங்க அறிஞர் ஜதுநாத் சர்க்கார், சரித்திரத்தைத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். இளம் ஆசிரியராயிருந்த சாஸ்திரியார் அதை மறுத்து, தம் கருத்தைச் சொல்லத் தமிழைவிட ஆங்கிலமே தமக்கு வசதி என்று எழுதினார். புதுச்சேரியில் இருந்த பாரதியாருக்கு வந்ததே கோபம்! கண்டித்து எழுதினார். சாஸ்திரியார் மாறவில்லை. அவருடைய பெரிய நூல்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே வந்தன. சங்க இலக்கியத்திற்கு அவர் வையாபுரிப் பிள்ளையின் துணையை நாடினார்.

பாரதியாரின் கோபம் நியாயமானது என்றே நாம் எண்ணுகிறோம். இருந்தும் அந்த ஆங்கிலம்தான் சோழரைக் கடல் கடந்து கொண்டுசென்றது. 1959-இல் சாஸ்திரியார் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்து தென்னிந்திய சரித்திரம் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இந்நாட்டில் நம்மவர் கோவில்கள் எழும்பாத காலம் அது.

பத்மபூஷண் விருது பெற்ற அவர் 1975 ஜூன் 15-ஆம் நாள் காலமானார். சோழர் நூல் தமிழில் வந்தது அதற்குப் பிறகுதான். நம் வீடுகளிலோ தாத்தா பாட்டி பண்டாரத்தாரைப் படிக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சாஸ்திரியாரின் ஆங்கிலம்தான் எட்டுகிறது. கரிகாலனைக் கொன்றது யார் என்று இருவரையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் வராது.